சுருதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்

"மாமா, ஏன் எல்லாரும் வாத்து மாதிரி கத்துறாங்க?"

கேட்டது அக்கா பையன். கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். என் மேஜைமேல் இருக்கும் ஹாம் ரேடியோவின் பெரிய குமிழைத் திருப்பித் திருப்பி 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நின்றிருந்தான். ஸ்பீக்கரில் ஏதோ ஒரு குரல். என்ன மொழி என்று பிடிபடவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. குமிழை மயிரிழை அளவு நகர்த்தினேன். அந்தக் கொரகொரப்பு சட்டென்று ஒரு பெரியவரின் குரலாக மாறி, ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றிச் சாவகாசமாகப் பேசத் தொடங்கியது.

"இதுதாண்டா எஸ்.எஸ்.பி."

"இதுவா? இதுக்கு 16 மார்க் கேள்வி எழுதியிருக்கேன் மாமா. பிளாக் டயகிராம்லாம் போட்டேன்!"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எஸ்.எஸ்.பி, அதாவது சிங்கிள் சைட்பேண்ட் என்பதைப் பாடப்புத்தகங்கள் அனுப்புகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தருகின்றன. மின்சாரம் மிச்சம், அலைவரிசையில் இடம் மிச்சம், ஆளுக்கு எட்டு மார்க். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது யார்? கேட்கிறவர். அனுப்புகிறவர் கழற்றிப் போட்ட ஒன்றை, கேட்கிறவர் தன் வீட்டில் புதிதாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.பி எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

மூன்று கோடுகள்

மீடியம் வேவ் வானொலி பெரும்பாலும் ஏ.எம் (ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்). நிலையத்துக்கென்று ஒரு கேரியர் அலை உண்டு; பள்ளிப் புத்தகத்தில் 'ஊர்தி அலை' என்று படித்திருப்போம். பேச்சுக்கு ஏற்றபடி அந்த அலையின் உயரத்தை ஏற்றி இறக்குகிறார்கள்; அதுதான் மாடுலேஷன். கேரியர் 1000 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மைக் முன்னால் ஒருவர் 1 கிலோஹெர்ட்ஸில் சீட்டி அடிக்கிறார். வானத்தில் போவது என்ன? 999, 1000, 1001 என்று மூன்று அலைகள். நடுவில் கேரியர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைட்பேண்ட்: கீழே லோயர், மேலே அப்பர்.

சீட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் நடுவில் இருக்கும் 1000 அசையாது. உயரமும் மாறாது, இடமும் மாறாது. மாறுவதெல்லாம் பக்கத்தில் இருக்கும் இரண்டும்தான். அந்த இரண்டும்கூட ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்றில் இருக்கும் செய்தி அப்படியே மற்றதிலும் இருக்கிறது.

இப்போது மின்சாரக் கணக்கு. 100 வாட் கேரியரை முழு அளவுக்கு மாடுலேட் செய்தால், ஒவ்வொரு சைட்பேண்டிலும் 25 வாட் வருகிறது. மொத்தம் 150 வாட். அதில் 100 வாட், எந்தச் செய்தியும் சொல்லாத கேரியருக்கு. இன்னொரு 25 வாட், ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு. உண்மையில் வேலை செய்வது மிச்சமிருக்கும் 25 வாட். இதெல்லாம் முழு அளவு மாடுலேஷனுக்கான கணக்கு. சாதாரணப் பேச்சில் ஆள் மூச்சு வாங்கும்போதும், யோசிக்கும்போதும், சும்மா இருக்கும்போதும் அந்த 100 வாட் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, கேரியரையும் ஒரு சைட்பேண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னவர் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் இருந்த ஜான் ரென்ஷா கார்சன். 1915 டிசம்பர் 1ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கையில் கிடைத்தது 1923 மார்ச்சில். எஃப்.எம் பாடத்தில் வரும் 'கார்சன் விதி' இவருடையதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சைட்பேண்ட் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா, இல்லை சூத்திரத்தைப் பிரித்து எழுதுவதால் தாளில் மட்டும் தோன்றுவதா என்று பெரிய ஆட்களே சந்தேகப்பட்டார்கள். வால்வைக் கண்டுபிடித்த ஆம்புரோஸ் ஃப்ளெமிங் 1930இல் 'நேச்சர்' இதழில், இந்த அலைப்பட்டைக் கொள்கை கணிதக் கற்பனை என்கிற தொனியில் கடிதம் எழுதினார். அவர் அதை எழுதியபோது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மூன்று வருடமாக வியாபாரிகள் காசு கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அட்லாண்டிக்கைக் கடந்தது ஒரே ஒரு சைட்பேண்டில்.

மூன்று நிமிடம், 75 டாலர்

1927 ஜனவரி 7. ஏ.டி. அண்ட் டி. தலைவர் வால்டர் கிஃபர்டு நியூயார்க்கிலிருந்து லண்டனைக் கூப்பிட்டுப் பேச, அட்லாண்டிக் தாண்டிய தொலைபேசிச் சேவை பொதுமக்களுக்குத் திறந்தது. மூன்று நிமிடத்துக்கு 75 டாலர்; இங்கிலாந்தில் 15 பவுண்டு. கடலுக்கடியில் தந்திக் கம்பி அப்போதே பல பத்தாண்டுகளாக இருந்தது. ஆனால் பேச்சை அவ்வளவு தூரம் கொண்டுபோகும் கேபிள் வர 1956 ஆகவேண்டியிருந்தது. அதுவரை ரேடியோதான் கதி. அமெரிக்கப் பக்கம் லாங் ஐலண்டில் இருக்கும் ராக்கி பாயின்ட்டிலிருந்தும், பிரிட்டிஷ் பக்கம் ரக்பியிலிருந்தும் ஒலிபரப்பினார்கள்.

அவர்கள் பயன்படுத்திய அலைவரிசை சுமார் 60 கிலோஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் அல்ல, கிலோஹெர்ட்ஸ்தான். ஒரு அலையின் நீளம் 5 கிலோமீட்டர். எஸ்.எஸ்.பி ஏன் தேவைப்பட்டது என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. மின்சாரச் சிக்கனம் ஒரு பக்கம் இருக்கட்டும். அலை அவ்வளவு நீளம் என்றால், கோபுரம் கோபுரமாக நட்டுக் கம்பி கட்டினாலும் அலையோடு ஒப்பிடும்போது ஆன்டெனா குட்டைதான். குட்டை ஆன்டெனா மிகக் குறுகிய பட்டைக்குத்தான் ஒத்துழைக்கும். பேச்சுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஏ.எம் என்றால் அது இரட்டிப்பாகி 6 ஆகிவிடும். 60இல் 6 என்பது பத்தில் ஒரு பங்கு. ஒரு சைட்பேண்டை மட்டும் அனுப்பினால் 3 போதும். இடநெருக்கடி எவ்வளவு என்றால், போகவும் வரவும் ஒரே பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். யார் பேசுகிறார் என்று குரலைக் கொண்டே கண்டுபிடித்து எதிர்த்திசையை அடைக்கும் ரிலேக்கள் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு சமயத்தில் மொத்த அட்லாண்டிக்குக்கும் ஒரே ஒரு உரையாடல்.

இந்த ஒரு உரையாடலுக்கு இரண்டு கரையிலும் இன்ஜினியர்களும் ஆபரேட்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கும் பக்கத்தில் இல்லாத கேரியரை உண்டாக்கி, சரியான இடத்தில் நிறுத்தி, அது நகராமல் காவல் காப்பது அவர்கள் வேலை. மூன்று நிமிடத்துக்கு 75 டாலர் கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கும்போது அந்தச் செலவு பெரிதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுநூறு ஹெர்ட்ஸ் சந்து

கேரியரை எப்படிக் கழற்றுகிறார்கள்? பேலன்ஸ்டு மாடுலேட்டர் என்ற சுற்றில் இரண்டு சம பாதிகள் உண்டு. கேரியர் இரண்டுக்கும் நேரெதிராகப் போய் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சைட்பேண்டுகள் மட்டும் தப்பி வெளியே வரும்.

அடுத்தது ஒரு சைட்பேண்டை வெட்டுவது. இங்கே இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. மனிதக் குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எடுத்துவிட்டாலும் பேச்சு புரியும். அப்படி எடுத்துவிட்டால் கேரியர் இருந்த இடத்துக்கு மேலே 300, கீழே 300 என்று இரண்டு சைட்பேண்டுகளுக்கும் நடுவே 600 ஹெர்ட்ஸ் சந்து கிடைக்கிறது. அந்தச் சந்துக்குள் ஃபில்டர் ஒரு பக்கத்தை முழுக்க விட்டு, மறுபக்கத்தை முழுக்க அடைத்துவிட வேண்டும். 9 மெகாஹெர்ட்ஸில் 600 ஹெர்ட்ஸ் என்பது பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணச் சுருளும் கண்டென்சரும் இந்த வேலைக்கு ஆகாது. அதனால்தான் குவார்ட்ஸ் கிரிஸ்டல்கள் வந்தன. 1950களில் காலின்ஸ் நிறுவனம், உலோகத் தட்டுகளை நிஜமாகவே அதிரவைத்து வேலை வாங்கும் மெக்கானிக்கல் ஃபில்டர்களைக் கொண்டுவந்தது.

வெட்டுவதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே பேச்சை 90 டிகிரி தள்ளி இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் தனித்தனியாக மாடுலேட் செய்து கூட்டினால், ஒரு சைட்பேண்ட் தானாகவே அழிந்துபோகும். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ரால்ஃப் ஹார்ட்லி, 1928இல். அதே ஹார்ட்லி ஆஸிலேட்டர் ஹார்ட்லிதான். 1956இல் டொனால்ட் வீவர் மூன்றாவது முறை ஒன்றை எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே 'மூன்றாவது முறை' என்று வைத்ததால் இன்றுவரை அதற்கு அதுவே பெயர்.

300 ஹெர்ட்ஸ் சலுகை பேச்சுக்கு மட்டும்தான். டி.வி. படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிக்னல் கிட்டத்தட்ட பூஜ்யம் ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கும். சந்து கிடையாது. அதனால் டி.வி.காரர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். ஒரு பக்கம் முழுசாக, மறுபக்கம் கொஞ்சம் மிச்சம், கேரியரும் உடன். தூர்தர்ஷன் நாட்களின் அனலாக் படத்தில் ஒரு பக்கம் 5 மெகாஹெர்ட்ஸ் போனது, மறுபக்கம் 0.75 மட்டும். கூரைமேல் கொம்பு ஆன்டெனா திருப்பிய தலைமுறை முழுவதும் முக்கால்வாசி எஸ்.எஸ்.பி பார்த்துத்தான் வளர்ந்தது.

சுருதி தள்ளினால்

இப்போது கேட்கிறவர் பக்கம் வருவோம். ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம் என்பது தம்புராவையும் சேர்த்து ஒலிபரப்பும் கச்சேரி. எஸ்.எஸ்.பியில் தம்புராவை மேடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் வருகிறது. சுருதிப் பெட்டியை நீங்கள் வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் மேடையில் இருந்த அதே சுருதிக்கு.

நிஜத்தில் இதைவிடக் கடினம். கச்சேரியில் சுருதியைக் கூட்டினால் பாட்டு மொத்தமும் விகிதம் மாறாமல் மேலே போகும், ராகம் கெடாது. எஸ்.எஸ்.பியில் விகிதம் கெட்டுப்போகிறது. ஒருவர் குரலில் 200, 400, 600 ஹெர்ட்ஸ் என்று அடுக்கு அடுக்காக ஸ்வரங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். நீங்கள் வைத்த கேரியர் 50 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால், காதில் விழுவது 250, 450, 650. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருகிய உறவு போய்விட்டது. எல்லாவற்றிலும் ஒரே தொகை கூடியிருக்கிறது. மனிதத் தொண்டையால் அப்படி ஒரு ஒலியை எழுப்பவே முடியாது. காது குழம்பி, 'வாத்து' என்று முடிவு கட்டிவிடுகிறது. அக்கா பையன் கேட்டது இதைத்தான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? 50 ஹெர்ட்ஸுக்குள் நின்றால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 14 மெகாஹெர்ட்ஸில் 50 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. செட்டுக்குள் ஒரு காயில் சூடானாலே அதைவிட அதிகமாக நகரும். பழைய எஸ்.எஸ்.பி செட்டுகளில் 'கிளாரிஃபையர்' என்று தனியாக ஒரு குமிழ் இருக்கும். எதிராளியின் அலை மெல்ல மெல்ல நகர, அதன் பின்னாலேயே விரலால் போய்க்கொண்டிருக்க வேண்டும். போலீஸ் ஜீப்பிலும் டாக்சியிலும் 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இதே துல்லியம் வேண்டும் என்றால் கணக்கு பத்து மடங்கு இறுகிவிடும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு கையால் குமிழ் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அங்கெல்லாம் எஃப்.எம் உட்கார்ந்துகொண்டது.

டிரங்க் காலின் உள்ளே

எஸ்.எஸ்.பி பெருமளவில் வாழ்ந்த இடம் ரேடியோ என்று நினைத்தால் தவறு. தொலைபேசிக் கம்பிகளில்தான். 1918லேயே பால்டிமோருக்கும் பிட்ஸ்பர்கிற்கும் இடையே ஒரே கம்பி ஜோடியில் பல உரையாடல்களை ஏற்றி அனுப்பும் கேரியர் முறையை ஏ.டி. அண்ட் டி. ஓட்டியது. அதற்கு வழி செய்தது ஜார்ஜ் கேம்ப்பெல் உருவாக்கிய அலை ஃபில்டர்.

பிற்காலத்தில் இது உலகம் முழுவதற்கும் ஒரே அளவாகத் தைக்கப்பட்ட சட்டையாகிவிட்டது. ஒரு உரையாடலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் அறை. அதற்குள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை பேச்சு. பன்னிரண்டு பேரின் லோயர் சைட்பேண்டுகளை வரிசையாக 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை அடுக்கினால் ஒரு குரூப். ஐந்து குரூப் சேர்ந்தால் 60 பேர் கொண்ட சூப்பர்குரூப். அதன் இடம் 312 முதல் 552 வரை. ஐந்து சூப்பர்குரூப் சேர்ந்தால் 300 பேர் கொண்ட மாஸ்டர்குரூப். 12 மெகாஹெர்ட்ஸ் கோஆக்ஸியல் கேபிள் ஒன்றில் 2700 பேர். எல்லோரும் ஒரே செம்புக் குழாய்க்குள், ஆனால் யாரும் யாருக்கும் கேட்காமல்.

ஏ.எம்மாக இருந்திருந்தால் பாதிப் பேருக்குத்தான் இடம் கிடைத்திருக்கும். அது மட்டுமில்லை. வழி நெடுகச் சில கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 2700 கேரியர்கள் இரவும் பகலும் ஓயாமல் ஓடினால் அந்த ரிப்பீட்டர்கள் திணறி, ஒருவர் பேச்சை இன்னொருவர் பேச்சோடு கலந்துவிடும். கேரியர் இல்லாத ஏற்பாட்டில், பேசாமல் இருப்பவர் கம்பியில் எந்தச் சுமையும் ஏற்றுவதில்லை. தொலைபேசியில் எந்த நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆகவே பாதிக்கு மேல் நேரம் ஒவ்வொரு திசையும் காலி.

இங்கே கேட்கும் பக்கத்துச் சுருதிப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது? ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் ஒரு தலைமை ஆஸிலேட்டர். எல்லாக் கேரியர்களும் அதிலிருந்து கணக்காகப் பெருக்கி எடுக்கப்படும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொலைபேசி அமைப்பு விதி வைத்தது. பேச்சுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். அதே கம்பியில் தந்தியும் டேட்டாவும் போனதால் வந்த கெடுபிடி அது.

நம் ஊரில் தபால் தந்தித் துறை ஓட்டிய கேரியர் லைன்கள் இந்தக் குடும்பம்தான். அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று பதிவு செய்துவிட்டு வாசல் திண்ணையில் காத்திருந்த ஆட்கள், எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வேகமாகப் பேசிய ஆட்கள், யாருக்கும் தாங்கள் எஸ்.எஸ்.பியில் பேசுகிறோம் என்று தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. சுருதி சேர்க்கும் வேலையை எக்ஸ்சேஞ்சுக்குள் இருந்த இரும்பு அலமாரிகள் பார்த்துக்கொண்டன. 1956இல் முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிள் 36 சானல்களோடு திறந்தபோதும் இதே கதை. ரேடியோவை ஓரம் கட்டியது கேபிள். அந்தக் கேபிளுக்குள்ளும் எஸ்.எஸ்.பிதான் ஓடியது. ஆப்டிகல் ஃபைபரும் டிஜிட்டலும் வந்துதான் அதை வெளியே அனுப்பின.

வானொலி ஏன் மாறவில்லை

சிற்றலையில் இலங்கை வானொலியோ பிபிசி தமிழோசையோ கேட்டவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு, திடீரென்று கரகரவென்று உடைந்து, சில நொடிகளில் மறுபடி சரியாகும். சத்தம் குறைந்திருக்காது, ஆனால் வார்த்தை சிதைந்திருக்கும். அயனமண்டலத்தில் பல வழியாக எதிரொளித்து வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் அழித்துவிடுவதால் நடப்பது அது. அழிகிற அதிர்வெண் கேரியராகவே அமைந்துவிட்டால், சைட்பேண்டுகள் தெம்பாக வந்து நிற்கும், கேரியர் மட்டும் இருக்காது. ஏ.எம் ரேடியோவுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. எஸ்.எஸ்.பி ரிசீவர் கேரியரைத் தானே வைத்திருப்பதால் இந்த விபத்தே அதற்கு வராது.

அப்படியானால் சிற்றலை ஒலிபரப்பு முழுவதையும் எஸ்.எஸ்.பிக்கு மாற்றியிருக்கலாமே? நினைத்தார்கள். 1987இல் நடந்த உலக வானொலி மாநாட்டில், 2015 முடிவதற்குள் சிற்றலையில் இரட்டை சைட்பேண்ட் ஒலிபரப்பை நிறுத்திவிடலாம் என்றுகூட எழுதிவைத்தார்கள். 2015 வந்து போனது. ஏ.எம் அப்படியே இருந்தது. நிலையங்கள்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

காரணம் எளிது. ஒலிபரப்பில் அனுப்புகிறவர் ஒருவர், கேட்கிறவர் பல லட்சம். அங்கே செலவை அனுப்புகிறவர் தலையில் வைப்பதுதான் நியாயம். நிலையத்தில் நூறு கிலோவாட் வீணாகப் போனாலும் பரவாயில்லை. டீக்கடை ரேடியோவில் ஒரு டயோடு போதும், குமிழ் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பாட்டு பாட்டாகவே கேட்கும். கேரியரைக் கழற்றினால் மிச்சப்படுவது ஒரு நிலையத்தின் மின்கட்டணம். அதற்கு லட்சம் வீடுகளிலும் துல்லியமான ரிசீவர் வேண்டும். அட்லாண்டிக் தொலைபேசியில் ஒரு அனுப்புநருக்கு ஒரு பெறுநர், அதுவும் சம்பளம் வாங்கும் இன்ஜினியர். அங்கே எஸ்.எஸ்.பி முதல் நாளே ஜெயித்தது.

விமானத்தில் இரண்டும் ஒரே காக்பிட்டில் இருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? விமான நிலையம் அருகே டவரோடு பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இன்றும் ஏ.எம்தான். துல்லிய ட்யூனிங் தேவையில்லை. இரண்டு பைலட்டுகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு கேரியரும் உரசிச் சீட்டி எழும். யாரோ குறுக்கே வருகிறார்கள் என்று கன்ட்ரோலருக்கு உடனே தெரிந்துவிடும். அதே விமானம் வங்காள விரிகுடாவின் நடுவே போய்விட்டால், கரையிலிருந்து அந்த அலை எட்டாது. அப்போது எச்.எஃப், அதாவது சிற்றலை. அங்கே எஸ்.எஸ்.பி.

ஹாம்கள் போட்ட சண்டை

ஹாம்கள் என்பவர்கள் பொழுதுபோக்காக ரேடியோ நடத்துகிறவர்கள். அமெரிக்க ஹாம்களில் ராபர்ட் மூர் என்பவர் 1930களின் தொடக்கத்திலேயே எஸ்.எஸ்.பி பற்றி எழுதினார். யாரும் அதிகம் சட்டை செய்யவில்லை. 1947இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஹாம் கிளப் அதில் ஒலிபரப்பிய பிறகுதான் தீ பற்றியது. அடுத்த சில வருடம் ஏ.எம்காரர்களுக்கும் எஸ்.எஸ்.பிகாரர்களுக்கும் பெரிய பங்காளிச் சண்டை. இவர்கள் அவர்கள் கேரியரின் சீட்டியைத் திட்ட, அவர்கள் இவர்கள் வாத்துக் குரலைத் திட்ட, காற்றில் தினசரி பஞ்சாயத்து. அமெரிக்க விமானப்படையின் தளபதிகளில் கர்டிஸ் லமேயும் பிரான்சிஸ் கிரிஸ்வோல்டும் ஹாம்கள். 1950களில் அணுகுண்டு விமானங்களுக்கு நீண்ட தூரத் தொடர்பு தேடியபோது, ஹாம் செட்டுகளில் கேட்டுப் பழகிய எஸ்.எஸ்.பியின் பக்கம் அவர்கள் நின்றார்கள்.

ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே லோயர் சைட்பேண்ட், மேலே அப்பர். விமானம், கப்பல், ராணுவம் எல்லாம் எங்கேயும் அப்பர்தான். ஹாம்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரிவு? வழக்கமாகச் சொல்லப்படும் கதை: பழைய செட்டுகளில் 9 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பியை உண்டாக்கி 5 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரோடு கலப்பார்கள். கூட்டினால் 14, கழித்தால் 4. கழிக்கும்போது பட்டை தலைகீழாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.001இலிருந்து 5ஐக் கழித்தால் 4.001. மேலே இருந்தது மேலேயேதான் இருக்கிறது! தலைகீழாக வேண்டுமானால் எஸ்.எஸ்.பி 5இலும் ஆஸிலேட்டர் 9இலும் இருக்க வேண்டும்: 9இலிருந்து 5.001 போனால் 3.999. கதை சொல்கிறவர்களில் பாதிப் பேர் எண்களை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை யாராவது சொன்னால் மடக்கலாம்.

நம் நாட்டில் எஸ்.எஸ்.பி செட் என்பது நீண்ட காலம் பணக்காரச் சாமான். இறக்குமதி வரி, லைசென்ஸ், ஃபில்டர் கிடைக்காத கொடுமை எல்லாம் உண்டு. அதை உடைத்தவர் ஹைதராபாதின் அஷ்ஹர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வி.யு.2.இ.எஸ்.இ. 2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற செட்டின் வடிவமைப்பில், எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற டிரான்சிஸ்டர்கள். ஃபில்டருக்கு ஒரே மதிப்புள்ள மலிவான கிரிஸ்டல்கள் சில. காயில் சுற்ற ஃபெர்ரைட் வளையம் கிடைக்கவில்லையா? ஹார்டுவேர் கடைக்குப் போய்த் தண்ணீர்க் குழாய் வாஷர் வாங்கு, அதில் சுற்று! காப்புரிமைகளும் இரும்பு அலமாரிகளும் பார்த்த ஒரு தொழில்நுட்பம், குழாய் வாஷரில் வந்து நின்றது. உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கட்டினார்கள், இன்றும் கட்டுகிறார்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போனது. பல வருடமாக ஹாம் ஒலி கேட்காத தீவு என்பதால், உலகத்து ஹாம்களோடு தொடர்பு கொண்டு மகிழ்வதற்கான பயணம். 26ஆம் தேதி சுனாமி. போர்ட் பிளேரில் தொலைபேசி படுத்துவிட்டது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன எச்.எஃப் செட்டுகளே தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் பாலமாகின. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற விசாரிப்புகள் அவற்றின் வழியாகப் போய்வந்தன. நூறு வாட் வாக்கில் ஓடும் ஒரு சிறு செட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டிப் பேச்சைக் கொண்டுபோக முடிந்ததில், கேரியருக்குச் செலவழிக்காத மின்சாரத்துக்குப் பங்கு உண்டு. மறுமுனையில் குமிழைப் பிடித்து உட்கார்ந்திருந்த, பழகிய காது கொண்ட ஆட்களுக்கும் பங்கு உண்டு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எஸ்.எஸ்.பி வேலைக்காகாது.

நீங்களும் கேட்கலாம்

இன்று ரிசீவரின் வேலை மென்பொருளுக்குள் போய்விட்டது. ஹார்ட்லியின் 90 டிகிரி வித்தையை அவர் காலத்தில் சுற்றுகளில் சாதிப்பது பெரும்பாடு. இப்போது சில வரி நிரல். செட்டு வாங்காமலே எஸ்.எஸ்.பி கேட்க ஆசையிருந்தால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பிரவுசர் போதும்.

உள்ளே போய் 7100இலிருந்து 7200 கிலோஹெர்ட்ஸ் வரை ஏதாவது ஒரு இடத்துக்குப் போங்கள். மோடு எல்.எஸ்.பி, அதாவது லோயர் சைட்பேண்ட். திரையில் அருவி போல ஓடும் அலைவரிசைப் படத்தில் பட்டையாக ஒரு கீற்று தெரியும். அதுதான் யாரோ ஒருவரின் சைட்பேண்ட். அதன் வலது ஓரத்துக்கு ட்யூன் செய்யுங்கள். அந்த ஓரத்தை ஒட்டித்தான் காணாமல் போன கேரியர் இருந்திருக்க வேண்டும். குரல் கீச்சென்று மெலிதாகக் கேட்டால் எண்ணைக் கொஞ்சம் குறையுங்கள். அடித்தொண்டையில் உறுமினால் கூட்டுங்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் யு.எஸ்.பி, பென் டிரைவ் இல்லை, அப்பர் சைட்பேண்ட். அங்கே இந்த விதி அப்படியே தலைகீழ்.

பேசுவது டச்சோ இத்தாலியனோ, புரியாத மொழியாகத்தான் இருக்கும். சரியாக ட்யூன் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். வார்த்தையை விடுங்கள், அவர்கள் சிரிக்கும்வரை பொறுங்கள். சிரிப்பு மனுஷச் சிரிப்பாகக் கேட்டால் குமிழிலிருந்து கையை எடுத்துவிடலாம்.